விளக்கீட்டில் பிறந்தவள்

யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் பலருக்கு இரண்டு பிறந்தநாள்கள் உண்டு. ஒன்று கோயிலுக்கு, மற்றது அரசாங்கக் கந்தோருக்கு. மாதமும் நட்சத்திரமும் பார்த்து அர்ச்சனை செய்வது முதலாவது. பிறப்புச் சான்றிதழில் இருப்பது இரண்டாவது. என் அப்பா பதிவுக்குப் பிந்திப் போனதால் சான்றிதழின்படி நான் பதினொரு நாள் இளையவன். வீட்டில் யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. பத்திரிகையில் இருபது வருடம் விளையாட்டுச் செய்தி எழுதியவன் நான். வயதெல்லை என்ற சொல்லை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இந்த இரண்டு விஷயங்களையும் ஒருமுறையாவது சேர்த்து யோசித்திருக்க வேண்டும்.

அந்த வருடம் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் தெற்காசிய உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு நாட்டின் அணியைத் தெரிவு செய்தார்கள். வடக்கிலிருந்து ஒருத்தி பட்டியலில் இருந்தாள். சண்டிலிப்பாய்ப் பிள்ளை. மைதானத்தின் இடது கரையில் ஓடுபவள். பந்தை எதிராளியின் வலப்பக்கம் தட்டிவிட்டு, தான் இடப்பக்கத்தால் சுற்றிப் போய்ப் பிடிப்பாள். அவள் அப்படித்தான் செய்வாள் என்று மாவட்டத்தில் எல்லா அணிக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடிவதில்லை.

படம் எடுப்பதற்காகப் பாடசாலை மைதானத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவள் சத்தமாகச் சொன்னாள்:

“மாமா, போன முறை போட்ட படத்திலை என்ரை தலை இல்லை. காலைப் பாத்துத்தான் அம்மா கண்டுபிடிச்சவ.”

கோல் காப்பவள் விடவில்லை. “காலைத்தானேடி தெரிவு செய்தவை. தலையை ஆர் கேட்டது?”

“வாயாலை ஓடினது காணும். கிறவுண்டைச் சுத்தி ஓடுங்கோ,” என்றார் பயிற்றுநர். அவர் அந்தப் பாடசாலையின் ஆசிரியர். என்னோடு படித்தவர்.

அந்தப் போட்டியில் ஆடுவது அவளுக்கு என்ன என்பதை அவர்தான் எனக்கு விளக்கினார். படிப்பில் அவள் நடுத்தரம். ஆனால் நாட்டுக்காக ஆடிய சான்றிதழ் ஒன்று இருந்தால், விளையாட்டுத் திறமைக்கென ஒதுக்கிய இடங்களில் பல்கலைக்கழகத்துக்குப் போக வழி உண்டு. அடுத்த வருடம் அவள் இந்த வயதுப் பிரிவைத் தாண்டிவிடுவாள். “இது ஒண்டுதான் கதவு,” என்றார். “இல்லாட்டித் தாயோடை வெங்காயத் தறைதான்.”

தாய் கூலிக்கு வெங்காயம் நட, களை பிடுங்கத் தோட்டத் தறைகளுக்குப் போகிறவர். நான் வீட்டுக்குப் போனபோது வாசலில் குந்தியிருந்து வெங்காயத்தாரைக் கட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே பதில் சொன்னார். பிள்ளை எங்கே பிறந்தது என்று கேட்டேன்.

“வன்னியிலை, அண்ணை. தறப்பாள் கொட்டிலுக்குள்ளை. விளக்கீட்டண்டு பின்னேரம். விளக்கு வைக்க எண்ணெய் இல்லை. பக்கத்துத் தறப்பாள் அக்கா லாம்பிலை இருந்த மண்ணெண்ணெயைச் சிரட்டையிலை ஊத்திக் கொளுத்தி வைச்சவ. அந்த வெளிச்சத்திலைதான் இவளின்ரை முகத்தைப் பாத்தனான்.”

பிள்ளைக்கு மூன்று மாதமானபோது ஷெல் விழுந்து தகப்பன் செத்துப்போனார். அதையும் கட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்.

எனக்கு முதல் வரி கிடைத்துவிட்டது. அலுவலகத்துக்கு வந்து பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த வருடக் கார்த்திகை விளக்கீடு டிசம்பரில் எந்தத் திகதியில் வந்தது என்று கண்டுபிடித்து, அதையும் வரியில் சேர்த்தேன். அந்தத் திகதி தாய் சொன்னதல்ல. நாள் குறிக்காத சம்பவத்தை நான் எழுதுவதில்லை. அது பழக்கம். செம்மையாக்கம் செய்த பெண் முதல் வரியைப் பாராட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் படத்தோடு வந்தது. இந்த முறை தலை இருந்தது.

ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலையில், பயிற்றுநர் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே தாய். அவர் உட்காரவில்லை. கொழும்பில் பயிற்சி முகாமில் இருந்த பிள்ளையை அணியிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். என் கட்டுரையை யாரோ வெட்டி, மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார்கள். யார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இடம் கிடைக்காத பிள்ளையின் வீட்டாராக இருக்கலாம். பெருமைக்காக அனுப்பிய யாரோ ஒருவராகவும் இருக்கலாம்.

பயிற்றுநர் பிறப்புச் சான்றிதழின் பிரதியை மேசையில் வைத்தார். ஜனவரி இருபது. போட்டி விதிப்படி, சான்றிதழில் இருந்த அதே வருடம் ஜனவரி முதலாம் திகதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களே ஆடலாம். நான் எழுதிய டிசம்பர் அதற்கு முந்தியது. மணிக்கட்டைப் படமெடுத்து வயது பார்த்தபோது அவள் தேறியிருந்தாள். ஐந்தாறு கிழமை வித்தியாசம் எலும்பில் தெரியாது. என் கட்டுரையில் தெரிந்தது.

“ஜனவரி எப்பிடி வந்தது?” என்று கேட்டேன்.

தாய் சொன்னார்: “சண்டைக்குப் பிறகு அகதி முகாமிலை வைச்சுத்தான் பதிஞ்சது. கையிலை இருந்தது பிள்ளையின்ரை நிறை பாத்த அட்டை மட்டும். முதல் நிறை பாத்த திகதி அதிலை இருந்தது. எழுதினவர் அதைப் பாத்து எழுதிப்போட்டார்.”

“நீங்கள் பிழையெண்டு சொல்லேல்லையோ?”

“பிள்ளை உயிரோடை இருந்தது, அண்ணை. திகதி ஆருக்கு வேணும்?”

கொழும்பில் ஓர் அதிகாரி இரக்கம் காட்டியிருந்தார். கட்டுரையில் வந்த திகதி தவறு என்று பத்திரிகை திருத்தம் போட்டு, வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் கடிதமும் அனுப்பினால், சான்றிதழையே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

“பிழை எண்டு போடுங்கோ,” என்றார் தாய். “நான் பிழையாச் சொன்னதெண்டு போட்டாலும் பரவாயில்லை.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

பயிற்றுநர் தாயை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். “உம்மடை சேட்டிபிக்கற்றிலை வயசு சரியோ?”

“பதினொரு நாள் பிழை.”

“அந்தப் பதினொரு நாளுக்கு ஆரும் உம்மை வேலையாலை நிப்பாட்டினவையோ?”

நான் மேசையிலிருந்த பிரதியை மடித்து வைத்தேன். “நீர் எழுதிப்போட்டு அடுத்த மச்சுக்குப் போவீர்,” என்றுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

புதன்கிழமைப் பத்திரிகையில் திருத்தத்துக்கு இடம் இருந்தது. செவ்வாய் பின்னேரம் ஐந்து மணிக்குள் கொடுத்திருந்தால் வந்திருக்கும். நான் பஞ்சாங்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். திகதி சரியாகவே இருந்தது. சரியானதைத் தவறு என்று அதுவரை நான் எழுதியதில்லை. உண்மைக்காகத் தயங்குகிறேன் என்றுதான் அன்று நினைத்தேன். என் பெயரின் கீழ் அதுவரை ஒரு திருத்தமும் வந்ததில்லை என்ற பெருமைக்கும் அந்தத் தயக்கத்தில் பங்கு இருந்தது. எவ்வளவு பங்கு என்று இப்போது அளக்க முடியவில்லை.

புதன்கிழமை எழுதிக் கொடுத்தேன். தாயின் மேல் பழி போடவில்லை. “நிருபரின் கவனக்குறைவால் பிறந்த திகதி தவறாகப் பிரசுரமாகியது. வீராங்கனை பிறந்தது ஜனவரி இருபதாம் திகதியாகும். வருந்துகிறோம்.” வியாழக்கிழமை ஐந்தாம் பக்கத்தின் அடியில், மரண அறிவித்தல்களுக்கு மேலே வந்தது. காலை பத்தரைக்குக் கடிதத்தையும் அனுப்பிவிட்டுக் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த அதிகாரி மரியாதையாகப் பேசினார். பட்டியலைப் போட்டி நடத்துபவர்கள் ஒரு நாள் முன்னதாகக் கேட்டுவிட்டார்களாம். புதன் பின்னேரமே போய்விட்டதாம். இடது கரைக்கு வேறு பிள்ளையைப் போட்டாயிற்று. “நேத்து வந்திருந்தால்,” என்றார்.

அவள் இரவு பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள். பயிற்றுநர்தான் போய்க் கூட்டிவந்தார். அணியின் சீருடைப் பையைத் திருப்பி வாங்கிவிட்டார்கள், அவளுடைய சப்பாத்து மட்டும் ஒரு ஷொப்பிங் பையில் இருந்தது என்றார். என்னிடம் அவர் சொன்னது அவ்வளவுதான்.

போட்டியின் முதல் ஆட்டத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்துச் செய்தி எழுதினேன். தோற்றார்கள். இடது கரையில் ஓடிய பிள்ளை மோசமில்லை. பந்தை வாங்கியதும் பின்னுக்குக் கொடுத்தாள். பத்து வரி எழுதினேன். வடக்கைப் பற்றி எழுத அதில் ஒன்றும் இருக்கவில்லை.

அவள் இரண்டு கிழமை மைதானத்துக்கு வந்தாள், பிறகு வரவில்லை. பரீட்சை எழுதினாள். பெறுபேறு பயிற்றுநர் சொன்னது போலவே நடுத்தரம்.

கார்த்திகையில் விளக்கீட்டன்று ஒரு வேலையாகச் சண்டிலிப்பாய்ப் பக்கம் போயிருந்தேன். பொழுதுபடும் நேரம். வீடுகளின் படலையடியில் வாழைக்குற்றி நட்டு, மேலே மண் சிட்டி வைத்து விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். கிணற்றுக்கட்டிலும் தறை வரம்பிலும் விளக்கு எரிந்தது. அந்தத் தாயின் படலையிலும் எரிந்தது. நான் சைக்கிளை நிறுத்தினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

அவள் கிணற்றடியில் நின்றாள். கையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல். கணுக்கால் வரை தறைச் சேறு. என்னைக் கண்டாள். மாமா என்று கூப்பிடவில்லை. அடுத்த சிட்டிக்கு எண்ணெய் ஊற்றினாள்.

தாய் படலைக்கு வந்தார்.

“இண்டைக்குப் பிள்ளைக்குப் பிறந்தநாள் அல்லோ,” என்றேன்.

“இல்லை அண்ணை.” குரலில் கோபம் இல்லை. “அவள் தையிலை பிறந்தவள். உங்கடை பேப்பரிலையும் போட்டிருக்கிறியள்தானே.”

காற்றில் வாழைக்குற்றியின் மேலிருந்த சுடர் சாய்ந்தது. அவர் கையால் மறைத்து அதை நிமிரவிட்டு, படலையைச் சாத்தினார்.