சுவரை ருசி பார்க்கிறவர்

பல் தேய்த்ததும் செல்வதாஸ் சுண்டுவிரலை எச்சில்படுத்தி, கடலைப் பார்த்த சுவரில் ஒரு தேய்ப்புத் தேய்த்து நாக்கில் வைக்கிறார். கண்ணை மூடிக் கொஞ்சம் யோசிக்கிறார். பிறகு அடுத்த அறைச் சுவர். “முன்னறை போச்சு சாரே. நடு அறையில இப்பம் உப்பு கேறத் தொடங்கிற்று.” இனயம் என்கிற இந்தக் கடலோர ஊரில் இவரைக் கிறுக்கு என்று சொல்லாதவர்கள் குறைவு. நானும் சிரித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் எண்ணெய்க் குழாய்களின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்து, இருட்டறையில் பிலிம் கழுவியவர். அறுபதுகளில் அமெரிக்கா வேவு பார்க்க அனுப்பிய செயற்கைக்கோள்களைப் பற்றி ஆரம்பித்தால் சாயா ஆறிவிடும். “மேல காத்து இல்லல்லா? மொதல்ல போன பிலிமெல்லாம் காஞ்சு முறிஞ்சு போச்சு. பொறவு பாலியெஸ்டர்ல செஞ்சானுவ. ஒரு டசன் தடவ தோத்தானுவ சாரே, விட்டானுவளா?” எடுத்த படச்சுருள் ஒரு கூட்டுக்குள் இருந்தபடி பாராசூட்டில் இறங்குமாம். விமானம் ஒன்று கொக்கி போட்டு அதை நடுவானில் பிடிக்குமாம். தூண்டில் போடுகிற ஊரிலேயே இதை யாரும் நம்பவில்லை.

அப்படி எடுத்த படங்கள் இப்போது ரகசியமில்லை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் ஷிபு ஒன்றை வரவழைத்துக் கொடுத்திருக்கிறான். நடு அறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. சாம்பல் நிறத்தில் பழைய இனயம். இந்த வீடு நிற்கும் இடத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. அதற்கும் கடலுக்கும் நடுவே தென்னைகளும் மூன்று வரிசைக் குடிசைகளும். இன்று வாசலிலிருந்து பதினெட்டு அடியில் அலைத்தடுப்புக் கல். கல்லுக்கு அப்பால் அந்த மூன்று வரிசையைக் கண்ணால் தேடினேன்; தண்ணீர்தான்.

போன வருடம் காற்றோ மழையோ இல்லாத ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் கள்ளக்கடல் என்கிற திடீர்ப் பேரலை ஏறி வந்து பக்கத்து வீட்டுச் சுவரைக் கொண்டுபோனது. மறுநாள் ஆரம்பித்ததுதான் இந்த ருசி பார்ப்பு. கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் கருங்கல் ஊருக்குக் குடிமாறிவிடலாம் என்று அன்றிலிருந்து மனைவி செசிலியிடம் கெஞ்சுகிறார்.

“எனக்க அப்பன அடக்கினது இந்தப் பள்ளிக் கல்லறையிலயாக்கும். நான் எங்கயும் வரமாட்டேன்” என்று செசிலி சிரிக்கிறார். “இவருக்குக் கிறுக்கு. நீங்க சாயா குடிங்க சாரே.” அவர் சிரிக்கும்போதெல்லாம் செல்வதாஸின் முகம் கொஞ்சம் தெளிவதைக் கவனித்தேன்.

செசிலி அடுக்களைக்குப் போனதும் இவர் குரல் தாழ்ந்தது. “விமானம் பிடிக்காம அந்தப் பிலிம் கூடு கடல்ல விழுந்தா ரெண்டு நாளு மெதக்கும். அடியில ஒரு ஓட்டைய உப்பு வச்சு அடச்சிருப்பானுவ. ரெண்டு நாளுக்குள்ள வந்து எடுக்கலன்னா உப்பு கரையும், தண்ணி கேறும். வேற ஆளு கையில கிட்டாம தானே தாந்து போவும்.” பக்கத்துச் சுவரைத் தட்டினார். “இதக் கெட்டும்போ நான் கல்ஃபுல இருந்தேன். கொத்தன் கடல்மண்ணக் கலந்துட்டான். இதுவும் உப்புதான் சாரே. எத்தன நாளுன்னுதான் தெரியல்ல.”

வெளியே அலை கல்லில் மோதியபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தம்ளரை வாங்க வந்த செசிலி திரும்பிப் போகையில் அடுக்களை வாசலில் நின்றார். வீட்டிலேயே கடலுக்குத் தூரமான சுவர் அதுதான். விரலால் அதைத் தேய்த்து நாக்கில் வைத்தார். இந்தமுறை சிரிக்கவில்லை.

“ஷிபுவ விளியுங்க, கருங்கல்லுல வீடு பாக்கணும்” என்றார்.

செல்வதாஸ் போனை எடுக்கவில்லை. எழுந்து போய், மனைவி விரல் வைத்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு நின்றார்.