ஐந்தாம் இடத்தில் ஆல்டர் ஓடை

வெர்னா டோலஃப்சன் எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். இருபத்திரண்டு இலையுதிர்காலம் ஓடை ஓடையாக நடந்து, சால்மன் மீன்கள் முட்டையிடும் குழிகளை எண்ணியவள். அதனால்தான் மாவட்டக் குழுவில் அவளையும் சேர்த்தார்கள். மீன்களுக்காக ஓடைகளைச் சீர்செய்யும் திட்டங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவது எங்கள் வேலை. அவளுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு.

அந்த வருஷம் பதினான்கு திட்டங்கள் வந்தன. பணம் நான்குக்குத்தான் காணும்.

அதில் ஒன்று, டெல்பர்ட் ஸ்கார் என்பவரின் நிலத்தில் ஓடும் ஆல்டர் ஓடை. சாலைக்கு அடியில் ஓடையைக் கொண்டுபோகும் இரும்புக் குழாயின் வாய் இடுப்பளவு உயரத்தில் தொங்கியது. கீழே தண்ணீர் ஆழமில்லை. மீன்களால் எம்பி ஏற முடியவில்லை. குழாயை எடுத்துவிட்டுப் பாலம் கட்ட வேண்டும்.

"வெர்னா, எங்களுக்குன்னு அங்க நீ ஒருத்திதான் இருக்க. பாத்துப் போடு," என்றார் டெல்பர்ட்.

"பாத்துத்தான் போடணும். அதான் பயமா இருக்கு."

எத்தனை மீன்களுக்குப் பயன் என்பதற்குத்தான் அதிக மதிப்பெண். ஆல்டர் ஓடையில் போன வருஷம் இரண்டே குழிகள்.

"கொஞ்சம் கூட்டிப் போடேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்று அவள் காதில் சொன்னேன்.

"எண்ணுனவ நான். எனக்குத் தெரியுமே."

பிறகு எழுந்து தலைவர் கேலனிடம் கேட்டாள்: "மீன் கம்மின்னு பணம் தரமாட்டீங்க. பணம் இல்லன்னா மீனே இருக்காது. அப்ப அந்த ஓடைய என்ன செய்யச் சொல்றீங்க?"

"எனக்குப் புரியாமலா வெர்னா? மேல இருக்குற நாலுல எத எறக்கலாம்? நீயே சொல்லு."

அவள் நான்கு கோப்புகளையும் திரும்பத் திரும்பப் புரட்டினாள். எதையும் இறக்க அவளால் முடியவில்லை. ஆல்டர் ஓடை ஐந்தாம் இடத்தில் நின்றது.

நவம்பரில் குழாயின் கீழே மூன்று மீன்கள் வந்து முட்டிக்கொண்டிருந்தன. அனுமதி வாங்காமல் செய்யக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் மீன்கள் எம்ப ஆழம் கிடைக்கட்டும் என்று குழாய்க்குக் கீழே மணல்மூட்டைகளை அடுக்கித் தண்ணீரைத் தேக்கினோம். டெல்பர்ட், நான், அவள். மார்பு வரை பனித்தண்ணீரில் நின்றுகொண்டு, "ஏறு... இன்னும் ஒரே ஒரு தடவ, ஏறும்மா," என்று கெஞ்சினாள்.

ஒன்று ஏறியது. ஆண் மீன். மற்ற இரண்டும் மறுநாள் கரையோரம் செத்துக் கிடந்தன. வெர்னா கத்தியால் கீறிப் பார்த்தாள். வயிறு நிறைய முட்டை. சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மேல போனது தனியா நிக்குமே," என்றாள்.

அடுத்த வருஷமும் டெல்பர்ட் விண்ணப்பித்தார். குழிகளின் எண்ணிக்கையைக் கேட்கும் இடத்தில் வெர்னா பூஜ்யம் எழுதிக் கொடுத்தாள். பதினாறில் பதினைந்தாவதாக வந்தது. அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி. நானும்தான்.