ஒரு நிமிசத்திலை பதினொரு சுத்து

சண்டையாலை கறண்ட் இல்லாத காலத்திலை எங்கடை வீட்டிலை ரேஸ் கார் ஓடினது. சொன்னா இப்ப ஒருத்தரும் நம்பாயினம். ஜேர்மனியிலை இருந்து சித்தப்பா முந்தி அனுப்பின விளையாட்டுக் கார் செட். கறுத்தப் பிளாஸ்ரிக் பாதை, நடுவிலை ஒரு பிளவு, காரின்ரை அடியிலை இருக்கிற ஊசி அந்தப் பிளவுக்குள்ளை ஓடும். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோவிலையிருந்து கறண்ட் எடுத்தம். ரேடியோ கேக்கிறதும் அப்பிடித்தானே. நெல்லியடியிலை ரேடியோ திருத்துற ஒராள், அந்தக் கறண்ட் காருக்கு ஒத்துவர டயோட் வைச்சுத் தந்தவர்.

அண்ணை செட்டோடை வந்த கைப்பிடியை அமத்திக் கார் ஓடுவார், நான் பெடல் சுத்துவன். ஆரும் சுத்தலாம் எண்டு நினைக்காதேங்கோ. கண்டபடி சுத்தினா வளைவிலை கார் பறந்திடும். வளைவு வர, கையை ஒரு சொட்டு விடவேணும். அது எனக்கு மட்டுந்தான் வரும். பெருமைக்குத்தான் சொல்லுறன். நாங்கள் ரெண்டுபேரும் ஒரு நிமிசத்திலை பதினொரு சுத்து ஓடினம். எங்கடை ஒழுங்கையிலை அதுதான் ரெக்கோட்.

பிறகு அண்ணை ஷெல்லிலை செத்துப்போனார். பள்ளிக்கூடத்தையும் நான் அதோடை விட்டிட்டன். வீட்டிலை ஒருத்தரும் அவரைப் பற்றிக் கதைக்கிறேல்லை.

ஒருநாள் மாமாவின்ரை பெடியன் வந்து நிண்டான். என்னோடை ஒத்த வயசு, வாய் மட்டும் பெரிசு.

"எடி, செட்டை எடு. கொண்ணையின்ரை ரெக்கோட்டை முறிக்கப்போறன்."

"உன்ரை மூஞ்சிக்கு."

"நீ சுத்தினா முறிப்பன். பயமோ?"

அண்ணையின்ரை எண்டு மிஞ்சிக் கிடந்தது அந்தப் பதினொண்டுதான். கையைக் கொஞ்சம் பிழைக்க விட்டாக் காணும், அது அப்பிடியே இருக்கும். ஆனா கள்ள விளையாட்டு விளையாடி, அளாப்பிக் காப்பாத்தின ரெக்கோட் அண்ணைக்கு என்னத்துக்கு? அளாப்பினவனோடை அவர் பிறகு விளையாடவே மாட்டார்.

ஒழுங்காத்தான் சுத்தினன். அம்மா மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டா. பன்னிரண்டு.

"கொண்ணையை வெண்டிட்டனடி!"

அம்மா அவனை ஏசப்போனா. எனக்கெண்டா அழுகையும் வந்தது, சந்தோசமாயும் கிடந்தது. எவ்வளவு நாளைக்குப் பிறகு அண்ணையோடை ஒருத்தன் போட்டிக்கு நிக்கிறான்!

மூக்கைத் துடைச்சுக்கொண்டு போய்ப் பிடியைப் பறிச்சன்.

"எழும்படா. இனி நீ சுத்து, நான் ஓடுறன். பதின்மூண்டு."

"நீ ஒருநாளும் ஓடேல்லையேடி."

"வாயை மூடிக்கொண்டு சுத்து."

முதல் வளைவிலையே கார் பறந்துது. அம்மாதான் குனிஞ்சு எடுத்து, தூசு தட்டி, பிளவுக்குள்ளை திரும்ப வைச்சா.

"கொண்ணையும் முதல் நாள் இப்பிடித்தான் பறக்க விட்டவன்," எண்டா. "ம், ஓடு."