இறுகக் கட்டிய பட்டை

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பத்து வருடம்கூட ஆகியிருக்காது. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கராக இருந்தேன். அட்டனில் இங்கிலீஷ் படித்துவிட்டு வந்தவன் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு. குதிரைப் பைத்தியமும் உண்டு.

பழைய துரை சீமைக்குத் திரும்பியபோது, தன் மகள் ஏறிப் பழகிய மட்டக்குதிரையைத் தோட்டத்திலேயே விட்டுப் போனார். புதிய துரைக்கு மோட்டார் சைக்கிள் போதுமாயிருந்தது. மேல் டிவிசனுக்குப் போய்வர அதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்.

கூடக் கிடைத்த சேணம் ஒரு சிறுமிக்காகச் செய்தது. உள்ளே மரச்சட்டம் கிடையாது, மெத்தையும் தோலும்தான். சட்டம் உள்ள சேணம் குதிரையின் முதுகைக் கவ்விக்கொண்டு நிற்கும். இது ஒரு தலையணையைக் கட்டி வைத்த மாதிரி. குதிரையோ பீப்பாய் போல உருண்டை. முதல் வாரத்தில் நான் சேணத்தோடு சேர்ந்து உருண்டு தேயிலைச் செடிக்குள் விழுந்தபோது, "ஐயாவும் கொழுந்தெடுக்க வந்துட்டாருடி, ஒரு கூடை குடுங்க!" என்று பெண்கள் சிரித்தார்கள்.

ரோசம் வந்துவிட்டது. சேணத்துக்கு அடியில் கனமாக எதையாவது போட்டால் நிற்கும் என்று கம்பளிகளை மடித்து மடித்துப் போட்டேன். உயரம் கூடக் கூட அதிகமாக உருண்டது. பங்களாவில் கிடந்த பருத்தி விரிப்பைப் போட்டால் வியர்வையில் வழுக்கியது. கடைசியில், மழைக்குப் போர்த்தித் தேய்ந்துபோன பழைய கம்பளி ஒன்றை ஒற்றை மடிப்பாகப் போட்டேன். அதன் சொரசொரப்பு குதிரையின் மயிரைப் பிடித்துக்கொண்டது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையையும் மாற்றினேன். தோல்பட்டை ஈரத்தில் நழுவியதால், நூல்கயிறுகளைப் பின்னிச் செய்த பட்டையை எடுத்துக்கொண்டேன். கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். கொஞ்ச தூரம் நடத்திவிட்டு மறுபடி இறுக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு சேணம் அசையவில்லை. எல்லாம் என் மூளை என்று நினைத்தேன். நான் இரண்டு பக்கமும் காலைப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

அன்று காலை மேல் டிவிசனில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் குதிரையை மரத்தில் கட்டிவிட்டுக் கங்காணியோடு பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று மலையின் உச்சியில் கூச்சல். குளவிக்கூடு கலைந்துவிட்டது. பெண்கள் கூடைகளை எறிந்துவிட்டுக் கீழே ஓடிவந்தார்கள். ஒருத்தி மட்டும் வரவில்லை. அவள் புருஷன் பக்கத்து மலையில் தேயிலைச் செடிகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன். சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு மேலே ஓடி, அவளைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்தான். இருவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்கள் வீங்கி மூடிக்கொண்டிருந்தன. உதடு தடித்து, மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். முந்தின வருடம் இதே மாதிரிக் கொட்டு வாங்கிய ஒருவர் டிஸ்பென்சரிக்கு வரும் வழியிலேயே இறந்துபோயிருந்தார். அது எல்லோருக்கும் நினைவிருந்தது. டிஸ்பென்சரி கீழ் டிவிசனில். கம்பளியில் தூளி கட்டித் தூக்கிப் போனால் நேரமாகும்.

"குதிரையில ஏத்துங்க" என்றேன்.

அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துவிட்டு, புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஆண்கள் போலக் காலைத் தூக்கிப் போடப் போனாள். நான் தடுத்தேன்.

"ஏம்மா, இத்தனை ஆம்பளைங்க நிக்கிறாங்க. பொம்பளை இப்படியா உட்கார்றது? ஒரு பக்கமா உட்காரு."

"படங்க மேல போட்டு மூடிக்கிறேங்க ஐயா" என்றாள். குரல் கரகரத்தது. "ஒரு பக்கமா இருந்தா புடிக்க முடியாது."

"நான் கட்டின சேணம். அசையாது."

அந்த நேரத்தில் யார் என்னை எதிர்த்துப் பேசுவார்கள்? இரண்டு காலும் மலைப்பக்கம் தொங்க அவளை உட்கார வைத்தோம். உட்கார்ந்ததுமே சேணம் ஒரு பக்கமாக இழுப்பதைப் பார்த்தேன். பட்டையை இறுக்கினால் சரியாகிவிடும் என்று அவள் புருஷனிடம் சொன்னேன். அவன் பட்டையைச் சேணத்தோடு மாட்டும் தோல்வாரைப் பிடித்து இழுத்தான். "இன்னும்" என்றேன். குதிரையின் விலாவில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். "இன்னும் இழுப்பா, பொண்டாட்டி உயிர் இல்லையா?" என்றேன். ஈரமான தோல்வார் அவன் உள்ளங்கையில் வழுக்கித் தோலை உரித்துக்கொண்டு வந்தது. அவன் கையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். அவன் பள்ளத்துப் பக்கமாக அவள் முதுகைத் தாங்கியபடி நடந்தான். இறக்கம். மழையில் நனைந்த கல். பின்னாலிருந்து அந்த விசில் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அது நின்று நின்று வரும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன். குதிரையை வேகமாக இழுத்தேன்.

வளைவில் குதிரை காலை மாற்றி வைத்தது. அவ்வளவுதான். பட்டை அவிழவில்லை, அறுந்துபோகவில்லை. இறுகக் கட்டியபடியே முழுச் சேணமும் குதிரையின் வயிற்றுப் பக்கம் சுற்றி இறங்கியது. அவள் முன்பக்கமாக, பாதையோரம் மழைத்தண்ணீர் ஓடும் கல் பாவிய கானுக்குள் விழுந்தாள். வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அவன் கானுக்குள் குதித்து அவளைத் தூக்கினான். நான் சேணத்தை நிமிர்த்தினேன். அவள் இடது கையால் குதிரையின் பிடரியைப் பற்றிக்கொண்டு, திக்கித் திக்கிச் சொன்னாள்: "ஐயா கண்ண மூடிக்கங்க. நான் ஆம்பள மாதிரிதான் உட்காருவேன்."

இரண்டு பக்கமும் கால் போட்டு, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்தாள். மடியின் மேல் படங்கைப் போர்த்திவிட்டான் அவன். டிஸ்பென்சரி வாசல் வரை சேணம் ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

டாக்டர் ஐயா ஊசி போட்டார். வெகுநேரம் கழித்து அந்த விசில் சத்தம் மெல்ல அடங்கியது. பிழைத்துவிட்டாள். பிறகுதான் அவர் முறிந்த கையைப் பார்த்தார். "இது எப்படி?" என்று என்னைக் கேட்டார்.

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இவன் பட்டையைச் சரியா இறுக்கலைங்க."

அவள் புருஷன் பக்கத்தில்தான் நின்றான். என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். கிளாக்கர் ஐயா சொன்னதை மறுத்துப் பேசிவிட்டு அந்தத் தோட்டத்தில் எப்படிப் பிழைப்பது? டாக்டர் ஐயா அவனை முட்டாள் என்று திட்டினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தச் சொல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? "பொண்டாட்டியக் காப்பாத்த ஒரு பட்டை இறுக்கத் தெரியல, இவனெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறான்" என்றார்கள். மாமியார் வீட்டில் அவனோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வரும்போது அவன் எல்லோருக்கும் பின்னால் நின்றான்.

அவள் கை கோணலாகத்தான் கூடியது. அவள் மறுபடி பெரட்டுக்கு வந்த முதல் நாள், மற்றவர்கள் மலைக்குப் போன பிறகு என்னிடம் வந்தாள். கோபமாகப் பேசியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"ஐயா, பட்டை இறுக்கமாத்தான் இருந்துச்சுங்க. அவரு கைய ஒருக்கா பாருங்க, தோலு உரிஞ்ச தழும்பு இன்னும் அப்படியே இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாரும் கேப்பாங்க."

"சரி, சரி, பார்க்கலாம். மலைக்குப் போ" என்றேன்.

அவள் கூடையை இடது தோளில் மாட்டிக்கொண்டு போனாள். நான் பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அன்றைக்குச் சொன்னால் ஒரு நாள் தலைகுனிவு, அவ்வளவுதான். அதற்குத் துணிவில்லாமல், குதிரை வேண்டாம் என்று துரையிடம் ஒப்படைத்துவிட்டு, வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டேன். அவர்கள் பிற்பாடு எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்.

இப்போது எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவளை ஒரு பக்கமாக உட்கார வைத்தது அறியாமை. அதை எப்போதோ மன்னித்துக்கொண்டேன். ஆனால் டிஸ்பென்சரியில் தலைகுனிந்து நின்ற அந்த மனிதனின் உரிந்துபோன உள்ளங்கையை, பார்க்கச் சொன்னபோது பார்க்காமல் விட்டதால்தானோ என்னவோ, இன்றுவரை தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.