ஆயிலு சொரக்குற வண்டி

கமால் பாய் வாய தொறக்குறதுக்கு முன்னாடி தொண்டைய ஒரு தபா செருமிக்குவாரு. "க்ர்ர்ஹூம்." மழைல நனைஞ்ச லாரி ஸ்டார்ட் ஆவ மாட்டேன்னு அடம் புடிக்குமே, அந்த சவுண்டு. அது கேட்டுச்சுனா காசிமேட்டு டீக்கடைல குந்திகினு கீற டிரைவருங்க எல்லாம் கிளாச கீய வெச்சிடுவாங்க. பாய் வண்டிய பத்தி எதையோ எட்த்து உடப் போறாருன்னு அர்த்தம்.

அன்னிக்கும் அப்டிதான். க்ர்ர்ஹூம்.

"எல்லாரு வண்டியும் ஆயிலு குடிக்கும் மாமு. என் வண்டி சொரக்கும்."

டீய ஊதிகினு இருந்த வரதன் நிமுந்து பாத்தான். அவனும் பிக்கப்பு ஓட்டுறவன் தான். பாயிக்கு ரொம்ப நாளு தோஸ்து. பாய கலாய்க்காத அன்னிக்கி அவனுக்கு நாஸ்தா எறங்காது.

"இன்னா பாய், வண்டி வாங்குனியா, எருமை வாங்குனியா?"

"சிரி, சிரி. ஆயிலு அளக்குற கம்பிய உருவி பாத்துட்டு தான் சொல்றேன். போன வாரம் மேல் கோட்டுல இருந்துச்சு. இன்னிக்கி கோட்டுக்கும் மேல கீது. நான் ஒரு சொட்டு ஊத்தல."

"அப்ப மிச்சத்த கறந்து குடு பாய், நம்ம வண்டிக்கு ஊத்திக்கிறேன்."

கடையே சிரிச்சிது. பாயும் சேந்து சிரிச்சாரு. அவரு சொன்னதுல பொய்யி ஒண்ணியும் இல்ல. இஞ்சின் ஆயிலு நெசமாவே ஏறிகினு தான் இருந்துச்சு. பேஜாரே அங்கதான்.

கமால் பாயிக்கு தண்டையார்பேட்டை. மீசை வந்த நாள்லேந்து ஸ்டேரிங்கு புடிக்கிறாரு, ஆனா எல்லாம் அடுத்தவன் ஸ்டேரிங்கு. ஒரு ஓனரு மூக்கால பேசுவாரு: "கமாலு, ரேடியோ போடாத, பேட்ரி பூடும்." இன்னொருத்தரு கிசுகிசுன்னு: "கமாலு, வண்டிக்குள்ள பிரியாணி பொட்லம் பிரிக்காத, வாசன புடிச்சிக்கும்." கடைசி ஓனரு ரொம்ப மருவாத தெரிஞ்ச ஆளு. தோள்ல கை போட்டு சொன்னாரு: "கமாலு, நாளைலேந்து என் மச்சான் ஓட்டிக்குவான்."

அன்னிக்கி வூட்டுக்கு வந்து சம்சாரம் தாஹிராவாண்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "இனிமே எவன் வண்டிலயும் ஏற மாட்டேன்." தாஹிரா நைட்டி தைக்கிறவங்க. மிஷின நிறுத்தாம, "அப்ப நடந்து போங்க"ன்னாங்க. ஆனா சீட்டு எட்த்து முன்பணத்த குடுத்ததும் அவங்கதான். தவணைல ஒரு டர்போ பிக்கப்பு வந்து தெருவுல நின்னுச்சு. வெள்ள கலரு.

வண்டி சாவி குடுத்த ஷோரூம் பையன் டை கட்டிகினு, அவங்க பாஷைல சொன்னான்: "சார், டர்போ வண்டி சார். டர்போன்னா இன்ஜினுக்கு காத்த அமுக்கித் தள்ளுற விசிறி சார், ரொம்ப சூடாகும். லோடு இழுத்துட்டு வந்த உடனே ஆஃப் பண்ணாதீங்க சார். ஒரு நிமிஷம் ஐட்லிங்ல விட்டுட்டு ஆஃப் பண்ணுங்க சார்."

நல்ல பேச்சுதான். ஆனா பாய் அத்த கெட்டியா புடிச்சிகினாரு. ஒரு நிமிஷம்னு ஆரம்பிச்சது ஒரு டீ ஆச்சு. டீ போயி, டீயும் பேப்பரும் ஆச்சு. வண்டி பாட்டுக்கு நின்ன எடத்துலயே கடகடகடன்னு ஓடிகினு கெடக்கும், பாய் பக்கத்துல குந்திகினு கண்ணகி நகர் கொல கேசு படிச்சிகினு இருப்பாரு. வரதன் கேட்டான்னா, "டர்போ மூச்சு வாங்குது, உடு"ன்னுவாரு.

"டீசலு போவுது பாய்."

"நிக்கிற வண்டி டீசலு குடிக்குமா? நிக்கிற மாடு புல்லு திங்குமா?"

"நிக்கிற மாடுதான் பாய் திங்கும்."

விடிகால ஐஸ் பேக்டரிலேந்து காசிமேட்டுக்கு லோடு. அது முடிஞ்சா எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு பைப்பு, வால்வு. இந்த ரெண்டாவது லோடு போன மழைக்கி அப்பால தான் கெடச்சிது. அந்த ரோட்ட பத்தி அங்க போறவனுக்கு சொல்ல வேணாம். மணலி, சாத்தாங்காடு தொடங்கி எண்ணூர் வரைக்கும் கண்டெய்னர் லாரிங்க ரயிலு மாதிரி நிக்கும். கியூ ஒரு மூக்கு நவுரும், நிக்கும். மறுபடி ஒரு மூக்கு. அதுல எவனும் இஞ்சின ஆஃப் பண்ண மாட்டான். ஆஃப் பண்ணி ஆன் பண்றதுக்குள்ள சைடுல கீறவன் மூக்க நொழைச்சிடுவான். எடம் பூட்டுச்சுனா பூட்டுச்சுதான்.

பாயிக்கு இன்னொரு பெருமையும் இருந்துச்சு, மைலேஜி. ஆக்சிலேட்டர அமுத்தவே மாட்டாரு, தூங்குற கொழந்த கன்னத்த தொடுற மாதிரி தொடுவாரு. லிட்டருக்கு பதினாலு. டேங்க் ஃபுல்லா போடுவாரு, ஓட்டுவாரு, மறுபடி ஃபுல்லா போட்டு, ஓடுன கிலோமீட்டர லிட்டரால வகுத்து பாப்பாரு. அந்தப் பதினாலு எண்ணூர் லோடு வந்தப்புறம் பதிமூணு ஆச்சு, பன்னெண்டு ஆச்சு, கடைசில பதினொண்ணுல வந்து குந்திகிச்சு.

பாயி பங்க் மேல பழி போட்டாரு. ராயபுரத்துல போட்டாரு, அப்பால திருவொத்தியூருல, அப்பால எர்ணாவூருக்கு மாறினாரு. ஒவ்வொரு பங்க்குலயும் க்ர்ர்ஹூம். "இன்னா நைனா, டீசலா இது, ரேஷன் கடை மண்ணெண்ணெயா?" கடைசி பங்க்குல இருந்த பொண்ணு கொட்டாவி வுட்டுகினே சொல்லுச்சு: "பிரீமியம் போடு பாய். காஸ்ட்லி. வண்டி பறக்கும்." ரெண்டு டேங்க் பிரீமியம் ஊத்தினாரு. வண்டி பறக்கல. பதினொண்ணேதான்.

டேஷ்போர்டுல வேற ஒரு மஞ்ச லைட்டு எரிய ஆரம்பிச்சிது. சல்லடை மாதிரி ஒரு படம். ஏசிய தொடைக்க சொல்லுதுன்னு நெனச்சிகினு பாய் ஏசிய தொடைச்சாரு.

அப்பால ஒரு நாளு, எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போது வண்டி கைய விரிச்சிடுச்சு. ஆக்சிலேட்டர தொட்டாரு, ஏறல. அமுத்தியே பாத்துட்டாரு, அப்பவும் ஏறல. எப்பவும் "வீஈஈ"ன்னு மெல்லிசா விசிலடிக்குற டர்போ, "வுஊஊ"ன்னு அழுதுச்சு. பின்னாடி கண்டெய்னர் காரன் ஹாரன அமுக்கிட்டு கையே எடுக்கல. ரெண்டாவது கியருல, மாட்டு வண்டி மாதிரி ஏறி எறங்குனாரு பாய்.

வரதன் சேதி கேட்டதும் சிரிக்கல. "டர்போ பூட்ச்சா பாய்? பூட்ச்சுனா வண்டி ஷெட்டுல மாசக்கணக்குல நிக்கும். ஐஸ் லோட வேற ஆளுக்கு குட்த்துருவான்." அப்பால, "நம்ம பழைய வேனுக்கு ஊத்துவோமே, தேன் மாதிரி கெட்டி ஆயிலு, அத்த ஊத்து. தாங்கும்"ன்னான்.

வண்டி நின்னா தவணை நிக்கும், தவணை நின்னா வண்டிய தூக்கினு பூடுவாங்க. அப்பால மறுபடியும் எவனோ ஒரு ஓனரு. பாய் ஒரு கேன் கெட்டி ஆயிலு வாங்கி சீட்டுக்குப் பக்கத்துல வெச்சிகினு எம்.கே.பி. நகருக்கு வுட்டாரு.

அங்க சங்கமித்ரா ஷெட்டு. டிப்ளமா படிச்சிட்டு பெரிய சர்வீஸ் சென்டருல கொஞ்ச வருஷம் இருந்துட்டு, சொந்தமா தொறந்த பொண்ணு. டர்போ வண்டின்னா அங்கதான் போவாங்க. ரொம்ப மெதுவா பேசும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல பஸ்ஸே போவலாம்.

பாய் எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டினாரு. சங்கமித்ரா கேட்டுகினே கம்பிய உருவிச்சு, தொடைச்சிது, மறுபடி வுட்டு எட்த்துச்சு. கோட்டுக்கு மேல ஒரு வெரல் கீது.

"பாத்தியாமா?" அந்த நெலமைலயும் பாயிக்கு பெருமை. "ஒரு சொட்டு ஊத்தல."

சங்கமித்ரா கம்பிய மூக்காண்ட வெச்சு மோந்துச்சு. அப்பால பாய் மூக்காண்ட நீட்டுச்சு.

"இன்னா வாசன வருது பாய்?"

பாய் மோந்தாரு. செருமலே வரல. "...டீசலு."

"ம். மைலேஜி எங்க போச்சுன்னு பங்க் பங்க்கா தேடுனியே. தோ... இங்கதான்... குந்திகினு கீது."

அது வெவரம் சொல்லுச்சு. புது வண்டில சைலன்சருக்கு முன்னாடி ஒரு சல்லடை கீது, அது கரிய புடிச்சி வெச்சிக்கும். வண்டி ரோட்டுல நல்லா சூடா ஓடுனா அந்தக் கரிய அதுவே எரிச்சிடும். எரிக்கிறதுக்காக இஞ்சினு கொஞ்சம் டீசல கூட ஊத்தும். நின்னுகினே இருந்தா சூடு ஏறாது, கரி எரியாது. இஞ்சினு மறுபடி மறுபடி ஊத்திப் பாக்கும். ஊத்துனது வழிஞ்சி ஆயிலோட கலந்துடும். சல்லடை அடச்சிகிட்டா வண்டி இழுக்காது. ஆயிலு தண்ணியாச்சுனா டர்போ தேயும்.

"எவ்ளோ நேரம் பாய் வண்டிய நிக்க வெச்சு ஓட வுடுவ?"

"கொஞ்ச நேரம் தாம்மா."

அந்த நேரம் பாத்து தாஹிரா போன். பாயி கையெல்லாம் ஆயிலு, ஸ்பீக்கருல போட்டாரு. "இன்னாங்க ஆச்சு வண்டிக்கு?"

சங்கமித்ரா போனுக்கு குனிஞ்சுச்சு. "அக்கா, பாய் கியூவுல ரொம்ப நேரம் நிப்பாரா?"

"நிப்பாராவா? மதியம் போன் போட்டு எங்க கீறீங்கன்னு கேட்டா சாத்தாங்காடும்பாரு. சோறு வடிச்சு, கொழம்பு வெச்சு, ரெண்டு நைட்டி தச்சிட்டு மறுபடி போன் போடுவேன். சாத்தாங்காடும்பாரு. அங்க எதுனா ரெண்டாவது குடும்பம் கீதான்னு கேளும்மா."

"இந்தா தாஹிரா..."

"வண்டி பொழைக்குமாம்மா?" குரலு மாறிடுச்சு. "அத்த சொல்லு மொதல்ல."

"பாத்துட்டு சொல்றேங்க்கா."

சங்கமித்ரா டர்போக்கு காத்து போற ஓஸ கழட்டுச்சு. உள்ள சின்னதா ஒரு காத்தாடி. நடுவுல கீற தண்ட ரெண்டு வெரலால புடிச்சிது. பாயி டேபிள் மேல இருந்த பழைய பில்டர கையில எட்த்துகினாரு, கீய வெச்சாரு, மறுபடி எட்த்தாரு. சங்கமித்ரா தண்ட பக்கவாட்டுல ஆட்டுச்சு. அப்பால முன்னாடியும் பின்னாடியும் இழுத்துப் பாத்துச்சு. கண்ண மூடிகினு இன்னொரு தபா.

"சொல்லேம்மா."

"பக்கவாட்டுல நூலளவு ஆடுது. ஆடலாம். முன்ன பின்ன... ஆடல."

"அப்டின்னா?"

"பொழைச்சிகினுச்சு பாய். இன்னும் ஒரு மாசம் இப்டியே சொரக்க வுட்டிருந்தா பூட்டிருக்கும்."

போன்ல தாஹிரா "அல்ஹம்துலில்லாஹ்"னு சொல்றது கேட்டுச்சு. பாய் பில்டர கீய வெச்சாரு. அப்பால சீட்டுலேந்து அந்தக் கெட்டி ஆயில் கேன எட்த்து நீட்டினாரு.

சங்கமித்ரா அத்த வாங்கவே இல்ல. "பசிச்ச வாய்க்கு கஞ்சி சீக்கிரம் எறங்குமா, களி எறங்குமா? காலைல நீ சாவி போட்டதும் ஆயிலு டர்போ வரைக்கும் ஓடிப் போவணும். வண்டியோட வந்த புக்குல போட்டிருக்குற ஆயிலே போதும். மெல்லிசா கீதேன்னு பயப்படாத."

"பிரீமியம் டீசலு?"

"ஊத்துனா கெடுதல் இல்ல. வாசன சோப்பு போட்டுக் குளிச்சா ஜொரம் போவுமா?"

"ஆயிலு எப்ப மாத்துறது? மீட்டருல இன்னும் பாதி கூட வரலயேம்மா."

"மீட்டரு சக்கரத்த எண்ணுது பாய். கியூவுல சக்கரம் சுத்தல, இஞ்சினு சுத்துச்சு. உன் ரோட்டுக்கு புக்குல போட்டதுல பாதியிலயே மாத்திடு. கம்பில மட்டம் ஏறுச்சுனா அன்னிக்கே ஓடியா."

பழைய ஆயில எறக்குனா தண்ணியா, கருப்பா ஓடுச்சு. புது ஆயிலும் புது பில்டரும் போட்டு முடிச்சதும் சங்கமித்ரா பக்கத்து சீட்டுல ஏறி குந்திகிச்சு. "மீஞ்சூர் ரிங் ரோட்டுக்கு வுடு. கரி எரியணும்."

ரிங் ரோடு காலியா கெடந்துச்சு. பாய் வழக்கம்போல ஆக்சிலேட்டர கொழந்த கன்னம் மாதிரி தொட்டாரு.

"அமுத்து பாய்."

"அமுத்தி கீறேனே."

"இது அமுத்துறது இல்ல, தடவுறது. கியர கொற. இஞ்சின் சத்தம் ஏறணும்."

"மைலேஜி..."

"இன்னிக்கி மட்டும் அத்த மறந்துடு."

அமுத்துனாரு. வண்டி ஒரு தபா தயங்கிட்டு முன்னாடி பாஞ்சிது. சோழவரம் பக்கம் போவறதுக்குள்ள சூடான இரும்பு வாசன அடிச்சிது. பாய் பயந்து கால தூக்கினாரு. "எரியுது, நல்லதுதான். வுடாத"ன்னுச்சு சங்கமித்ரா. பாய் ரோட்ட ஒரு கண்ணாலயும் மஞ்ச லைட்ட ஒரு கண்ணாலயும் பாத்துகினு ஓட்டுனாரு. லைட்டு அணையல. ஒரு டோல் தாண்டுச்சு, ஏரி ஒண்ணு தாண்டுச்சு. அணையல. பாய் வாய்க்குள்ளயே எதையோ ஓதிகினு வந்தாரு. திடீர்னு பாத்தா அந்த எடம் கருப்பா கீது. எப்ப அணைஞ்சிதுன்னு ரெண்டு பேருமே பாக்கல. டர்போ "வீஈஈ"ன்னுச்சு.

பாய் ஓரமா நிறுத்தினாரு. சாவில கைய வெச்சிகினு சங்கமித்ராவ பாத்தாரு.

"இப்ப... ஒரு நிமிஷம் வுடலாமா?"

"ஒரு நிமிஷம் வுடு. பேப்பர் படிக்காத."

ரெண்டு நாள் கழிச்சு, சாத்தாங்காடு. கியூ கட்டி நின்னுச்சு, எப்பவும் போல. பாயி சாவிய திருப்பினாரு. இஞ்சின் நின்னதும் சுத்தி கீற சத்தமெல்லாம் தனித்தனியா கேட்டுச்சு. எங்கயோ ஒரு கிளீனரு யாரையோ திட்டுறான், ஒரு அம்மா வேர்க்கல்ல விக்கிறாங்க. முன்னாடி லாரி ஒரு மூக்கு நவுந்துச்சு. பாய் மறுபடி சாவிய திருப்புறதுக்குள்ள ஒரு டெம்போ நொழைஞ்சிடுச்சு. அப்பால இன்னொண்ணு.

பின்னாடி ஹாரனு. வரதன் ஜன்னலுக்கு வெளிய பாதி ஒடம்ப நீட்டினான். "இன்னா பாய், தூங்கிட்டியா? எடம் பூட்ச்சு!"

"ஆஃப் பண்ணி வெச்சிகீறேன்."

"கம்பெனி வாச்மேனு கத்துவான் பாய், லேட்டுன்னு."

"கத்தட்டும். அவன் இன்னா என் ஓனரா?"

வரதன் தலைய உள்ள இழுத்துகினான். அப்பால கூச்சமே இல்லாம வண்டிய ஒடிச்சு பாய் வண்டிக்கு முன்னால நொழைச்சான். பக்கத்துல வரும்போது, "கோச்சிக்காத பாய், எனக்கு லோடு கீது"ன்னான்.

"போ மாமு, போ"ன்னாரு பாய், கைய ஆட்டி. வேர்க்கல்ல காரம்மாவ கூப்ட்டு ஒரு பொட்லம் வாங்கி, மடியில கொட்டிகினு, ஒவ்வொண்ணா உரிக்க ஆரம்பிச்சாரு.