பூமாரியின் இடது கண்

பூமாரி சிரிக்க ஆரம்பித்தால் கண்ணில் தண்ணீர் வராமல் நிறுத்தமாட்டாள். சாலை பஜாருக்குப் பின்னால் மைதீன் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் அவளுக்குத் தோசைக்கல் வேலை. கல்யாணமாகி வள்ளியூரிலிருந்து திருவனந்தபுரம் வந்தவள். கணவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தக் கல்லை நம்பித்தான் மகள் ஷிஜாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள்.

டைல்ஸ் பதிக்கும் லிங்கம் தினமும் காலையில் அங்கே சாப்பிட வருவார். இந்த ஊரிலேயே பிறந்தவர். ஐம்பது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். இரண்டு தோசை என்று சொல்லிவிட்டு ஐந்து தின்கிறார் என்பதை அம்மாவைப் பார்க்க வந்த ஷிஜாதான் கவனித்தாள்.

“எம்மா, அந்த ஆளு தோசைக்கா வாராரு? மைதீன் காக்கா சட்னிக்கு இவ்வளவு ஆசைப்பட ஒண்ணுமில்லியே.”

பூமாரி அடுத்த கரண்டி மாவை அள்ளினாள். அன்று முழுக்கத் தோசைகள் எல்லாம் கொஞ்சம் பெரிதாகவே விழுந்தன. ஆவணி மாதம் ஷிஜாவே முன்னே நின்று கோவிலில் இருவரையும் மாலை மாற்றவைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுத் தம்பதி பொன்முடிக்குக் கிளம்பினார்கள். சாவுக்கோ சடங்குக்கோ அல்லாமல் பூமாரி பஸ் ஏறுவது அதுவே முதல் தடவை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவள் லிங்கத்தின் மேல் சாய்ந்து விழுந்து சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, வளைவே இல்லாத இடத்திலும் சாய்ந்தாள். லிங்கம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காது சிவக்க உட்கார்ந்திருந்தார்.

மேலே ஒரே மூடுபனி. எஸ்டேட் வேலியோரம் ஒரு செடியில் நீள நீளமான வெள்ளைப் பூக்கள் தலைகீழாகத் தொங்கின. லிங்கம் இரண்டைப் பறித்தார். ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மற்றதை நீட்டினார்.

“வெச்சுக்கோ. நான் ஒருத்திக்கும் இதுவரை பூ கொடுத்ததில்ல கேட்டியா.”

“இதத் தலையில வச்சா கோயில் கொடைக்கு மைக் செட்டுக் குழாயக் கட்டுன மாதிரியில்லா இருக்கும்” என்றாள் பூமாரி. சொன்னவளுக்கே அது தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கையில் பூ கசங்கிக் குழைந்தது. அதே விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மதியம் இறங்கிவந்து, அடிவாரத்தில் கல்லாறு என்ற ஊரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார்கள். போனில் போட்டோ பார்க்க எடுத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

“ஏங்க, எல்லாம் கலங்கலாத் தெரியுது. வெளிச்சமும் கூசுது.”

லிங்கம் குனிந்து அவள் கண்களைப் பார்த்தார். வலது கண்ணின் மணி மிளகளவு இருந்தது. இடது கண்ணிலோ கருப்பு முழுக்கப் பரந்து, ஓரத்தில் பழுப்பு ஒரு கம்பி அளவே மிச்சமிருந்தது. அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

காரணம் இருந்தது. போன வருஷம் அவருடன் வேலை செய்த கோலப்பன் சாரத்திலிருந்து விழுந்தான். ஒன்றுமில்லை என்று எழுந்து பீடி பற்றவைத்தவன், பிறகு தலைவலி என்றான், வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு கண்மணி பெரிதாக இருக்கிறது என்று சொல்லி ஆப்பரேஷனுக்கு ஓடினார்கள். மண்டைக்குள் ரத்தக்கட்டு. பிழைத்துக்கொண்டான். அந்த ஓட்டம் மட்டும் லிங்கத்தின் மனதை விட்டுப் போகவில்லை.

பக்கத்து ஊரான வித்துராவின் ஆஸ்பத்திரிக்கு ரெஜி என்பவரின் ஆட்டோ கிடைத்தது. “பேடிக்கண்டா சேட்டா, வித்துரா இப்ப எத்தும்” பயப்பட வேண்டாம், இப்போதே போய்விடலாம் என்று ரெஜி மலையாளத்தில் தைரியம் சொன்னார்.

“தலை வலிக்கா?” என்று லிங்கம் கேட்டார்.

“இல்ல.”

“வாந்தி?”

“அந்த டீயப் பாத்தப்ப வந்துச்சு.”

“தமாஷ் வேண்டாம். நான் எத்தன பேராத் தெரியுதேன்?”

“ஒருத்தர்தான். பயப்படாதீங்க, எனக்கு ஒண்ணுமில்ல.”

“கோலப்பனும் அதத்தான் சொன்னான்.”

அவர் ஒரு கையால் ஆட்டோக் கம்பியை விடாமல் இறுக்கிப் பிடித்திருப்பதை அப்போதுதான் பூமாரி பார்த்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது. இவ்வளவு காலத்தில் தனக்காக ஒருவர் இப்படிப் பயந்து அவள் கண்டதில்லை. அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வித்துரா ஆஸ்பத்திரியில் டாக்டர் திவ்யலட்சுமி நாகர்கோவில்காரர். இமையைப் பார்த்தார், விரலைக் கண்ணால் தொடரச் சொன்னார், நேராக நடக்கச் சொன்னார். டார்ச் அடித்தபோது வலது மணி சுருங்கியது. இடது மணி அசையவே இல்லை.

“இன்னைக்குக் கண்ணுல மருந்து ஏதும் விட்டீங்களா? இல்ல, ஏதாவது செடியத் தொட்டீங்களா?”

லிங்கம் சட்டைப் பையிலிருந்து வாடிப்போன இரண்டாவது பூவை எடுத்து நீட்டினார்.

“அதக் கீழ போடுங்க. ரெண்டு பேரும் போய் சோப்பு போட்டுக் கை கழுவுங்க” என்றார் டாக்டர். “இது ஊமத்தை வகை. சாறு பட்டா கண்மணி விரிஞ்சுடும். ரெண்டு மூணு நாள்ல தானாச் சரியாகும். இருந்தாலும் சிட்டியில கண் டாக்டரும் ஒரு தடவை பாத்துரட்டும்.”

“அப்போ நான் வெறுதே பேடிச்சதாக்கும், அல்லே டாக்டரே?” என்று, வீணாகப் பயந்துவிட்ட வெட்கத்தோடு கேட்டார் லிங்கம்.

“இல்ல, ஓடி வந்ததுதான் சரி. சிலருக்குச் சின்ன வயசுலேருந்தே லேசா வித்தியாசம் இருக்கும், அது ஒண்ணும் செய்யாது. திடீர்னு வந்தா சும்மா விடக்கூடாது. கூடவே தலைவலி, வாந்தி, இமை தொங்குறது, ரெட்டையாத் தெரியுறது இருந்தாலோ, தலையில அடி பட்டிருந்தாலோ, வீட்டுல உக்காந்து யோசிக்கவே கூடாது.”

பூமாரிக்கு நிம்மதியில் மறுபடி சிரிப்பு பொங்கியது. இன்னும் கழுவாத கை கண்ணை நோக்கிப் போனது. டாக்டரும் லிங்கமும் ஒரே நேரத்தில் பாய்ந்து அதைப் பிடித்தார்கள்.

அன்று மாலையே சிட்டியில் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுச் சோதித்து, பூதான் காரணம் என்றார். மறுநாளும் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாததால் மைதீன் அவளைக் கல் பக்கம் விடவில்லை. லிங்கம் லீவு போட்டு அவள் இடத்தில் நின்றார். அவர் வார்த்த முதல் தோசை கல்லை விட்டு வர மறுத்தது. சுரண்டி எடுத்ததை மைதீன் உப்புமா என்று பரிமாறிவிட்டார். பூமாரி கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து, கருகினதும் கிழிந்ததுமாக அவர் கொண்டுவந்து வைத்த எல்லாவற்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

புதன்கிழமை காலையில் இரண்டு மணிகளும் ஒரே அளவுக்கு வந்துவிட்டன. லிங்கம் அவளைக் கடை வாசலுக்கு அழைத்துவந்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“சரியாயிட்டா?” என்று கேட்டாள் பூமாரி.

“ஆச்சு.”

“அப்ப விடுங்க, வேல கெடக்கு.”

“கொஞ்சம் நில்லு, இன்னும் பாக்கட்டே.”

உள்ளே மைதீன் இரண்டு நெய் ரோஸ்ட் என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.