வலியில்லாத கோணம்

என் குறிப்பேட்டில் உள்ளவற்றையும் நானே கண்டு கேட்டவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். உடலைத் தொட்டுப் பார்க்கும் தொழிலில், தான் உணர விரும்பியதையே விரல் உணர்ந்துவிடும். அத்தகையவற்றை நீக்கிவிட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் நான், கைகளாலேயே தசை, மூட்டுகளைச் சீராக்கும் ஆஸ்டியோபதியின் மறைமுக முறையையும் கற்றிருந்தேன். இறுகிய தசையை இம்முறையில் இழுத்து நிமிர்த்துவதில்லை. அது எப்பக்கம் சுருங்க விழைகிறதோ அப்பக்கமே உடலை மெல்ல மடக்கி, வலி அடங்கும் கோணத்தில் தொண்ணூறு நொடி தாங்கி, பின்பு மிக மெதுவாகப் பழைய நிலைக்குக் கொணர்வோம். அதுவரை நோயாளி எதுவும் செய்யாதிருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு வயது முப்பத்தெட்டு. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஓடும் பெல்ட்டிலிருந்து பிளாஸ்டிக் மூடிகளை இடப்பக்கம் குனிந்து எடுத்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. ஒரு வாரமாக நிமிர முடியவில்லை. நின்று வேலை செய்யத் தக்கவர் என்று திங்கட்கிழமைக்குள் சீட்டுக் கொண்டுபோகாவிட்டால் கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். உடன் வேலை செய்யும் தோழி அழைத்து வந்திருந்தார்.

மல்லாந்து படுக்கவைத்து, அடிவயிற்றின் இடப்பக்கம் ஒரு விரலால் அழுத்தினேன். துடித்தார். விரலை எடுக்காமலே இரு முழங்கால்களையும் மடக்கி இடப்பக்கம் சாய்த்தேன்.

“இப்ப?”

“இப்ப இல்ல மேடம். பெல்ட்டாண்ட நிக்கிற மாதிரியே கீது,” என்றார்.

நொடிகளை எண்ணி முடித்துக் கால்களை இறக்கத் தொடங்கினேன். பாரமே தெரியவில்லை.

“கால லூசா விடும்மா. நீயே தூக்குற.”

“உட்டுட்டுதான் மேடம் கீறேன். நீங்க ஒண்டியா தூக்கினு கீறீங்களேன்னு…”

“இவ தூக்கத்துலயே மூடி அடுக்குறவ மேடம்,” என்றார் தோழி. “சும்மா இருன்னா பேஜாராய்டுவா.”

மூன்று முறை முயன்றோம். மூன்று முறையும் அவர் தசைகள் எனக்கு உதவின. எழுந்து நின்றபோது மீண்டும் இடப்பக்கமே வளைந்தார்.

“வலி ஊட்லதான் மேடம், நிமுரும்போது. அங்க குனிஞ்சிக்கினு நின்னா ஒண்ணியும் தெரில. அத்த எழுதிக் குடுத்துடுங்களேன்.”

ஓய்வு தேவை என்று எழுதினால் வேலை போகும். தக்கவர் என்று எழுதினால் பொய். ஆகவே கண்டதை மட்டும் எழுதினேன்: ‘குனிந்து நிற்கையில் வலி இல்லை. நிமிர்கையில் கடும் வலி. ஒரே நிலையில் நெடுநேரம் நிறுத்தலாகாது.’ ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்துக் கையொப்பமிட்டேன். அந்தத் தாளின் நேர்மையில் எனக்கு ஒரு நிறைவும் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தோழி மட்டும் தன் தோள்வலிக்காக வந்தார்.

“மொத வரியதான் மேடம் படிச்சாரு சூப்பர்வைசரு. குனிஞ்சா வலிக்கிலன்னா பெல்ட்லயே நில்லுன்னுட்டாரு. முன்னல்லாம் ரெண்டு மணி நேரம் ஒக்காந்து செக்கிங் பாப்போம். அவளுக்கு இப்ப அதுவும் இல்ல.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“இன்னா சொல்லுவா. வேல கீதே.”

நிமிர்கையில் வரும் வலியை முதல் வரியாக வைத்து வேறொரு சீட்டெழுதித் தோழியிடம் கொடுத்தனுப்பினேன். அது சூப்பர்வைசரிடம் சேர்ந்ததா, தெரியாது. அந்தத் தொண்ணூறு நொடிகள் அப்பெண்ணுக்கு ஏதேனும் செய்தனவா, தெரியாது. அவர் பிறகு வரவில்லை. இப்போது அவரால் நிமிர முடிகிறதா என்பதும் எனக்குத் தெரியாது.